ஆண் மலட்டுத்தன்மையும் மரபணுப் பரிசோதனையும்: எது தேவை, எது வீண்?

உலகில் ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் ஏதாவதொரு கட்டத்தில் குழந்தையின்மையைச் சந்திக்கிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் கணக்கிட்டது. அப்படிச் சிகிச்சை தேடும் தம்பதிகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குக் கணவர் பக்கமும் காரணம் இருக்கிறது. ஆனால் நம் வீடுகளில் முதலில் மருத்துவமனை வாசலை மிதிப்பவர் மனைவிதான். ஸ்கேன், ஹார்மோன் பரிசோதனை, கருக்குழாய் எக்ஸ்ரே, லேப்ராஸ்கோப்பி என்று எல்லாவற்றையும் அவர் முடித்த பிறகு, "எதுக்கும் அவருக்கும் ஒரு டெஸ்ட் எடுத்துடலாம்" என்ற பேச்சு மெதுவாக எழும். அந்த டெஸ்ட் சில நூறு ரூபாயில், ஒரே நாளில் முடிந்துவிடுகிற விந்துப் பரிசோதனை.

நூறு ஆண்களில் ஒருவருக்கு விந்தில் விந்தணுவே இருப்பதில்லை. குழந்தையின்மைக்காக வரும் ஆண்களை மட்டும் எடுத்துக்கொண்டால் இது 10 முதல் 15 சதவீதம். அறிக்கையில் 'அசூஸ்பெர்மியா' என்று இருக்கும். ஒருகாலத்தில் பேச்சு அத்தோடு முடிந்துவிடும். தத்தெடுக்கலாம், அல்லது தானமாகக் கிடைக்கும் விந்தணுவை நாடலாம். 1992இல் பிரஸ்ஸல்ஸ் நகரில் ஜான்பியரோ பலெர்மோவின் குழு ஒரே ஒரு விந்தணுவைக் கண்ணாடி ஊசியால் கருமுட்டைக்குள் செலுத்தி வெற்றி கண்டதை அறிவித்தது. இக்ஸி என்று நாம் சொல்லும் அந்த முறை வந்த பிறகு, விரையைத் திறந்து தேடி எடுத்த ஒற்றை விந்தணுகூடக் குழந்தையாக முடிந்தது. கூடவே ஒரு கேள்வியும் வந்தது. தானாக முட்டையைச் சேர முடியாத விந்தணுவை நாம் கைபிடித்து உள்ளே விடுகிறோம். அதனுடன் எந்தக் குறையைப் பிள்ளைக்குக் கொடுக்கிறோம்?

மரபணுப் பரிசோதனைக்கு இந்தத் துறையில் இடம் கிடைத்தது இந்தக் கேள்வியால்தான். இன்று பரிசோதனைகளின் பட்டியல் நீளமானது; சில ஆயிரம் ரூபாயில் தொடங்கிப் பல பத்தாயிரம் வரை போகிறது. எல்லாம் எல்லோருக்கும் தேவைப்படுவதில்லை. ஒரு பரிசோதனையின் முடிவு அடுத்து எடுக்கப்போகும் முடிவை மாற்றுமா? இந்த ஒரே அளவுகோலை வைத்து ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

யாருக்கு எடுக்க வேண்டும்?

உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டுக் கையேட்டின்படி, ஒரு மில்லி விந்தில் 1.6 கோடி விந்தணு என்பது கீழ் எல்லை. ஒருவருக்கு 1.2 கோடி இருந்தால், எண்ணிக்கையை மட்டும் காரணம் காட்டி அவரது குரோமோசோமைத் தேடிப் போவதில் பெரிய பலன் இல்லை. எண்ணிக்கை 50 லட்சத்துக்குக் கீழே இறங்கும்போதுதான் நிலைமை மாறுகிறது. பொதுமக்களில் குரோமோசோம் மாற்றம் உள்ளவர்கள் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. விந்தணு மிகக் குறைந்தவர்களில் அது சுமார் 5 சதவீதம். விந்தணுவே இல்லாதவர்களில் சுமார் 15 சதவீதம்.

அதற்கு முன் சில அடிப்படை வேலைகள் உண்டு. விந்துப் பரிசோதனையை இன்னொரு முறை செய்து உறுதிப்படுத்த வேண்டும். டெஸ்டோஸ்டிரோன் ஊசியோ, உடற்பயிற்சிக் கூடத்தில் கிடைக்கும் ஸ்டீராய்டோ எடுத்துக்கொள்கிறாரா என்று கேட்க வேண்டும். உடலுக்கு வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் போனால் விரை தன் உற்பத்தியை நிறுத்திக்கொள்ளும்; நல்ல ஆரோக்கியமான இளைஞரின் எண்ணிக்கையும் பூஜ்ஜியமாகிவிடும். இதற்கு மரபணுப் பரிசோதனை எதற்கு? ஊசியை நிறுத்தினால் பெரும்பாலும் சரியாகும்.

பிறகு, பூஜ்ஜியம் எங்கிருந்து வந்தது என்று பிரிக்க வேண்டும். விரை சிறுத்து, எஃப்எஸ்ஹெச் ஹார்மோன் ஏறியிருந்தால் உற்பத்தியில் கோளாறு. விரை நல்ல அளவில் இருந்து, ஹார்மோனும் சரியாக இருந்து, விந்தின் அளவு மட்டும் மிகக் குறைவாக, அமிலத்தன்மையோடு, ஃப்ரக்டோஸ் இல்லாமல் இருந்தால் வழியில் கோளாறு. எந்த மரபணுவைத் தேடுவது என்பது இந்தப் பிரிவினையைப் பொறுத்தது.

குரோமோசோம்களை எண்ணுதல்

மூத்த பரிசோதனை காரியோடைப். கையில் ரத்தம் எடுத்து, அதிலுள்ள வெள்ளணுக்களை ஆய்வகத்தில் சுமார் மூன்று நாள் வளர்ப்பார்கள். செல்கள் பிரியும் நேரத்தில் கோல்ச்சிசின் வகை மருந்தைச் சேர்த்தால் பிரிதல் பாதியில் நின்றுவிடும். தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளின் விதையிலும் கிழங்கிலும் இருக்கும் நச்சு இதே கோல்ச்சிசின்தான். பிரியும் நிலையில் உறைந்து நின்ற செல்லில் குரோமோசோம்கள் தடித்துத் தனித்தனியாகத் தெரியும். சாயம் ஏற்றினால் கறுப்பும் வெளுப்புமாகப் பட்டைகள் விழும். அந்தப் பட்டைகளைப் பார்த்து 46 குரோமோசோம்களையும் ஜோடி ஜோடியாக அடுக்கிப் படம் எடுப்பார்கள்.

இந்தப் படத்தில் அதிகம் சிக்குவது கிளைன்ஃபெல்டர் நிலை. அதாவது 46க்குப் பதில் 47. எக்ஸ் ஒய் என்றிருக்க வேண்டிய இடத்தில் எக்ஸ் எக்ஸ் ஒய். பாஸ்டனில் ஹாரி கிளைன்ஃபெல்டர் இந்த நிலையை 1942இல் விவரித்தார். கூடுதல் எக்ஸ்தான் காரணம் என்பதை எடின்பரோவில் பட்ரீஷியா ஜேக்கப்ஸும் ஜான் ஸ்ட்ராங்கும் 1959இல் கண்டுபிடித்தார்கள். ஏறத்தாழ 600 ஆண் குழந்தைகளுக்கு ஒருவர் இப்படிப் பிறக்கிறார். பெரும்பாலோருக்குத் தங்களுக்கு இது இருப்பதே தெரியாது. தெரியவருகிறவர்களில் பலருக்கும் குழந்தையின்மைப் பரிசோதனைதான் முதல் தகவல்.

இங்கே பரிசோதனை மாற்றும் முடிவுகள் மூன்று. கிளைன்ஃபெல்டர் உள்ளவர்களில் விந்தில் விந்தணு பெரும்பாலும் இருக்காது. ஆனால் விரைக்குள் ஆங்காங்கே உற்பத்தி நடக்கும் சிறு தீவுகள் இருக்கலாம். நுண்ணோக்கியின் கீழ் விரையைத் திறந்து தேடும் மைக்ரோ டெஸே அறுவையில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு விந்தணு கிடைக்கிறது. ஆகவே கதவு மூடவில்லை. இரண்டாவது, இவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் குறைவு என்று அவசரப்பட்டு ஊசி போட்டால் மிச்சமிருக்கும் உற்பத்தியும் அடங்கும்; பிள்ளை வேண்டுமென்றால் விந்தணு எடுத்துச் சேமித்த பிறகே அந்தச் சிகிச்சை. மூன்றாவது, நீரிழிவு, எலும்புத் தேய்மானம் போன்றவற்றின் வாய்ப்பு இவர்களுக்கு அதிகம் என்பதால் வாழ்நாள் முழுக்கக் கண்காணிப்பு தேவை. பிள்ளைக்காக எடுத்த பரிசோதனை தகப்பனின் உடல்நலத்துக்கே பயன்படும் இடம் இது.

காரியோடைப்பில் வெளிப்படும் இன்னொன்று இடமாற்றம். ஒரு குரோமோசோமின் துண்டு வேறொன்றில் ஒட்டிக்கொண்டிருக்கும், அல்லது 13ம் 14ம் போல இரண்டு முழுக் குரோமோசோம்கள் சேர்ந்திருக்கும். மொத்த மரபுப்பொருள் குறையாததால் ஆளுக்கு எந்த நோயும் இராது. விந்தணு உருவாகும் குன்றல் பிரிவில்தான் பங்கீடு குழம்பும். எண்ணிக்கை குறையும்; கரு உண்டானாலும் திரும்பத் திரும்பக் கலையும். மனைவிக்குக் கருப்பை பலவீனம் என்று ஆண்டுக்கணக்கில் மருந்து கொடுத்துவந்த குடும்பங்களில் காரணம் கணவரின் குரோமோசோமில் இருந்த நிகழ்வுகள் உண்டு. தெரிந்துவிட்டால், சரியான பங்கீடு உள்ள கருவைச் சோதித்து வைக்க வழி இருக்கிறது.

ஒய் குரோமோசோமில் காணாமல்போன துண்டுகள்

1976இல் இத்தாலியில் லூசியானோ டியெபோலோவும் ஒர்செட்டா ஸுஃபார்டியும் 1,170 ஆண்களின் குரோமோசோம்களைப் பார்த்தார்கள். ஆறு பேரிடம் ஒய் குரோமோசோமின் நீண்ட கையில் முனைத்துண்டு இல்லை. அந்த ஆறு பேருக்கும் விந்தணு இல்லை. விந்தணு உற்பத்திக்கான மரபணு அந்தப் பகுதியில் இருக்க வேண்டும் என்று அவர்கள் சொன்னார்கள். நுண்ணோக்கிக்குத் தெரியாத சிறு இழப்புகளைப் பிடிக்க பிசிஆர் முறை வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1996இல் ஹைடல்பெர்க்கின் பீட்டர் ஃபோக்ட் குழு அந்தப் பகுதியை ஏஇசட்எஃப் ஏ, பி, சி என்று மூன்றாகப் பிரித்தது.

ஏன் இந்தப் பகுதி மட்டும் அடிக்கடி உடைகிறது? விடை 2003இல் டேவிட் பேஜ் குழுவினர் ஒய் குரோமோசோமின் எழுத்துவரிசையை வெளியிட்டபோது தெளிவானது. மற்ற குரோமோசோம்களுக்குப் பழுது பார்க்க ஜோடி இருக்கிறது. ஒய் தனி ஆள். அதனால் தன் முக்கியமான மரபணுக்களுக்குத் தனக்குள்ளேயே பிரதிகள் வைத்துக்கொண்டு, ஒன்றைப் பார்த்து மற்றதைத் திருத்திக்கொள்கிறது. அச்சாக ஒரேபோல் இருக்கும் அந்தப் பிரதிகள் சிலசமயம் தவறாக இணைந்துகொள்ளும். இடையிலுள்ள பகுதி முழுதும் கழன்று போகும். ஏஇசட்எஃப் சி பகுதியில் இப்படிப் போகும் துண்டு சுமார் 35 லட்சம் எழுத்துகள் நீளமானது. தன்னைக் காக்க வைத்துக்கொண்ட ஏற்பாடே ஒய்க்குப் பலவீனமும் ஆயிற்று.

பரிசோதனை அறிக்கை ஒரு பக்கம்தான். எஸ்ஒய்84, எஸ்ஒய்86 என்பவை ஏ பகுதிக்கு. எஸ்ஒய்127, எஸ்ஒய்134 பி பகுதிக்கு. எஸ்ஒய்254, எஸ்ஒய்255 சி பகுதிக்கு. ஒவ்வொன்றுக்கும் எதிரே 'உள்ளது' அல்லது 'இல்லை' என்று இருக்கும். இந்த ஆறு வரிகளுக்கு ஓர் அறுவைச் சிகிச்சையைத் தீர்மானிக்கும் சக்தி இருக்கிறது. ஏ பகுதி முழுமையாக இல்லையென்றால் விரையில் விந்தணுவின் தாய்ச்செல்களே இருக்காது. பி முழுமையாக இல்லையென்றால் உற்பத்தி பாதியில் நிற்கும். இந்த இரண்டு நிலைகளிலும் மைக்ரோ டெஸேயில் விந்தணு கிடைக்கும் வாய்ப்பு இல்லை என்றே சொல்லலாம். கத்தி வைக்கக் கூடாது. சி மட்டும் இல்லையென்றால் ஏறத்தாழ பாதிப் பேருக்குக் கிடைக்கும். சிலருக்கு விந்திலேயே கொஞ்சம் இருக்கும். நாளாக ஆக அதுவும் குறையக்கூடும் என்பதால், இருக்கும்போதே உறையவைத்துச் சேமிப்பது நல்லது.

இந்தியாவிலும் இது அரிதன்று. ஹைதராபாத் சிசிஎம்பி நிறுவனத்தில் குமாரசாமி தங்கராஜும் உடன் ஆய்வாளர்களும் விந்தணு இல்லாத 340 ஆண்களைச் சோதித்து, 29 பேரிடம், அதாவது 8.5 சதவீதத்தினரிடம், ஒய் இழப்பு இருப்பதை 2003இல் பதிவு செய்தார்கள்.

எந்தப் பேச்சிலும் விட்டுப்போகக் கூடாத ஒன்று உண்டு. ஒய் தகப்பனிடமிருந்து மகனுக்கு அப்படியே போகும். ஏஇசட்எஃப் சி இல்லாதவர் இக்ஸி மூலம் ஆண் குழந்தை பெற்றால் அந்த மகனுக்கும் அதே இழப்பு வரும். பெண் கருவை மட்டும் தேர்ந்துகொள்ளலாமே என்ற யோசனை இங்கே செல்லாது. பாலினத் தேர்வை 1994ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. மகனுக்கும் இதே சிகிச்சை தேவைப்படலாம் என்பதை ஏற்றுக்கொண்டு தொடர்வதா என்று தம்பதி தீர்மானிக்க வேண்டும்.

குழாயே உருவாகாதவர்கள்

சிலருக்கு விரையில் உற்பத்தி குறைவில்லாமல் நடக்கும். விந்தணு வெளியே வரும் விந்துநாளம் இரண்டு பக்கமும் பிறவியிலேயே இராது. விதைப்பையின் மேற்பகுதியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே உருட்டிப் பார்த்தால் கெட்டியான நூல்போல அந்த நாளம் தட்டுப்பட வேண்டும். தட்டுப்படவில்லையென்றால் தேட வேண்டியது ஏழாவது குரோமோசோமிலுள்ள சிஎஃப்டிஆர் மரபணுவை. மேலைநாடுகளில் நுரையீரலைப் பாழாக்கும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோய்க்குக் காரணமாக 1989இல் அடையாளம் காணப்பட்ட அதே மரபணு. இதன் கடும் பிறழ்வுகள் நோயைத் தருகின்றன; மிதமானவை சேரும்போது நாளம் மட்டும் உருவாகாமல் போகிறது.

இங்கே விந்தணு எடுப்பது எளிது, ஊசியிலேயே வரும். ஆனால் அதற்கு முன் சோதிக்கப்பட வேண்டியவர் மனைவி. கணவரின் இரண்டு பிரதிகளிலும் பிறழ்வு இருந்து, மனைவியிடமும் ஒன்று இருந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் இரு பிறழ்வுகளோடு பிறக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. ஐரோப்பியரிடம் அதிகம் காணப்படும் எஃப்508டெல் பிறழ்வு இந்தியரிடம் அந்த அளவுக்கு இல்லை. ஐரோப்பிய மக்களுக்காகத் தொகுக்கப்பட்ட சில பிறழ்வுகளை மட்டும் சோதித்துவிட்டு 'ஒன்றுமில்லை' என்று வரும் அறிக்கை நம்மவருக்குப் பொய்யான நிம்மதி. மரபணு முழுவதையும் படிக்கும் சோதனைதான் பயன். பிறழ்வு எதுவும் கிடைக்காதவர்களுக்கு வயிற்று ஸ்கேன் எடுக்க வேண்டும். இவர்களில் சிலருக்கு ஒரு பக்கச் சிறுநீரகமே இராது.

மருந்தால் தீரும் வகை

மரபணுக் கோளாறு என்றாலே தீராதது என்று நினைப்பதற்கு நேர்மாறான உதாரணம் கால்மன் நிலை. ஃபிரான்ஸ் கால்மன் 1944இல் விவரித்தது. மூளையிலிருந்து விரையைத் தூண்டும் ஹார்மோன் வராது; மோப்ப உணர்வும் இராது. மீசை அரும்பாத, குரல் உடையாத இளைஞரிடம் "மல்லிகைப்பூ வாசனை தெரியுமா?" என்று கேட்பது இங்கே பரிசோதனையின் பகுதி. ரத்தத்தில் எஃப்எஸ்ஹெச்சும் டெஸ்டோஸ்டிரோனும் சேர்ந்தே குறைந்திருக்கும். ஹெச்சிஜி, எஃப்எஸ்ஹெச் ஊசிகளைப் பல மாதங்கள், சிலருக்கு இரண்டு ஆண்டுவரை, பொறுமையாகப் போட்டால் பெரும்பாலோருக்கு விந்தணு வருகிறது. பலருக்கு இயற்கையாகவே குழந்தை பிறக்கிறது. அறுவைச் சிகிச்சை வேண்டாத வகை என்பதால் இதைத் தவறவிடுவது பெரிய குற்றம்.

எண்ணிக்கை இருந்தும் வடிவம் தவறினால்

சில ஆண்களுக்கு விந்தணு போதுமான அளவு இருக்கும். எல்லாம் ஒரே விதமாகக் குறைபட்டிருக்கும். எல்லா விந்தணுவும் பெருத்த தலையும் பல வால்களுமாக இருந்தால், ஏயுஆர்கேசி என்ற மரபணுவில் பிறழ்வு இருக்கலாம் என்று 2007இல் தெரியவந்தது. வட ஆப்பிரிக்காவில் இது அதிகம். அந்த விந்தணுக்களில் குரோமோசோம் எண்ணிக்கையே தப்பாக இருப்பதால் இக்ஸி செய்வதில் பொருளில்லை. மாறாக, தலை உருண்டையாக, முனையிலுள்ள நொதிப்பை இல்லாமல் இருந்தால் பெரும்பாலும் டிபிஒய்19எல்2 மரபணு காரணம். இவர்களுக்கு இக்ஸியோடு, கால்சியம் அயனோஃபோர் என்ற மருந்தால் முட்டையைத் தூண்டிவிட்டால் கருத்தரிப்பு மேம்படுகிறது. வால் குட்டையாகவோ சுருண்டோ இருக்கும் டிஎன்ஏஹெச்1 வகைக்கு இக்ஸியே நல்ல பலன் தருகிறது. நுண்ணோக்கியில் மூன்றுமே 'மோசமான விந்தணு'; மரபணு சொன்ன பிறகு மூன்றுக்கும் மூன்று வழி.

புதிய அலை: எக்ஸோம்

இத்தனை சோதித்தும் விந்தணு இல்லாதவர்களில் பெரும்பாலோருக்குக் காரணம் தெரிவதில்லை. ஆகவே புரதங்களுக்கான மரபணுக்கள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் படிக்கும் எக்ஸோம் ஆய்வு வந்திருக்கிறது. எக்ஸ் குரோமோசோமிலுள்ள டெக்ஸ்11 மரபணு பழுதானால் குன்றல் பிரிவு பாதியில் நிற்கும் என்று 2015இல் காட்டினார்கள். ஸ்டாக்3, எம்எஸ்ஹெச்4 என்று பட்டியல் வளர்ந்து, நம்பத்தகுந்த சான்றுள்ள மரபணுக்கள் இன்று நூற்றைத் தாண்டிவிட்டன.

பிள்ளையில்லாமை எப்படிப் பரம்பரையாக வரும் என்ற பழைய புதிருக்கும் விடை கிடைக்கிறது. ஒரு வழி, பெற்றோரிடம் இல்லாமல் மகனிடம் புதிதாகத் தோன்றும் பிறழ்வு. நெதர்லாந்திலும் இங்கிலாந்திலும் ஜோரிஸ் வெல்ட்மன் குழு 185 ஆண்களையும் அவர்களின் பெற்றோரையும் சேர்த்து ஆராய்ந்து 2022இல் இதைக் காட்டியது. இரண்டாவது வழி, எக்ஸில் உள்ள பிறழ்வு; அது தாய்வழியே வரும். தாய்க்கு ஒரு குறையும் தெரியாது. மூன்றாவது வழி நமக்கு நெருக்கமானது. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என்று ஒரே மரபணுவின் இரு பிரதியும் பழுதாக வந்து சேர்வது. மாமன் மகள், அத்தை மகன், தாய்மாமன் என்று சொந்தத்தில் முடிக்கும் குடும்பங்களில் இதற்கு வாய்ப்பு கூடும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் சுமார் 28 சதவீதத்தினர் சொந்தத்தில் மணந்தவர்கள். இந்திய மாநிலங்களில் இதுவே முன்வரிசை. ஆகவே இங்கே மருத்துவர் குடும்ப உறவைக் கேட்டுக் குறித்துக்கொள்வது கட்டாயம்.

எக்ஸோமின் சிக்கல் விளக்கத்தில் இருக்கிறது. 'முக்கியத்துவம் உறுதியாகாத மாற்றம்' என்ற வரியோடு வரும் அறிக்கைகள் பல. அந்த வரியை வைத்து எந்தச் சிகிச்சையையும் மாற்றக் கூடாது. ஒரு மாற்றம் நோய்தானா, நம் மக்களிடம் சாதாரணமாக இருப்பதா என்று அறிய நம்மவர் மரபணுத் தரவு வேண்டும். பத்தாயிரம் இந்தியரின் மரபணுத்தொகுதியைப் படித்த ஜீனோம் இந்தியா திட்டத்தின் தரவு 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டது இந்த வகையில் நல்ல தொடக்கம்.

விந்தணு டிஎன்ஏ சிதைவுச் சோதனை பற்றியும் ஒரு வார்த்தை. பெயரில் டிஎன்ஏ இருந்தாலும் இது பரம்பரையைச் சொல்வதில்லை; புகை, வேரிக்கோசீல், கிருமித்தொற்று போன்றவற்றால் ஏற்பட்ட சேதத்தின் அளவைச் சொல்கிறது. கரு அடிக்கடி கலைபவர்களுக்குப் பயன்படலாம். முதல் நாளே எல்லோருக்கும் எழுதுவதை அமெரிக்க வழிகாட்டுதல் ஏற்கவில்லை.

அறிக்கைக்குப் பிறகு

இக்ஸி பிள்ளைகள் இப்போது வளர்ந்துவிட்டார்கள். பெல்ஜியத்தில் அப்படிப் பிறந்த 54 இளைஞர்களை ஆராய்ந்தபோது, இயற்கையாகப் பிறந்தவர்களைவிட விந்தணுச் செறிவு ஏறத்தாழ பாதியே இருந்தது என்று 2016இல் எழுதினார்கள். அவர்களின் தகப்பன்மாருக்கு விந்தணுக் குறை இருந்தது. அடுத்த தலைமுறைக்குப் போவது கற்பனை அச்சமல்ல என்பதற்கு இது சான்று. அந்தப் பிள்ளைகள் மற்றபடி நலமாக வாழ்கிறார்கள் என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துச் சொல்லும் மரபியல் ஆலோசனை இல்லாமல் அறிக்கையை மட்டும் கையில் கொடுத்து அனுப்புவது அரைச் சிகிச்சை. முடிவு கணவரின் அந்தரங்கம். மாமியாரிடமோ மச்சானிடமோ அவர் விருப்பமில்லாமல் போகக் கூடாது.

மொத்தத்தில், விந்தணு இல்லாதவருக்கும் மிகக் குறைந்தவருக்கும் காரியோடைப்பும் ஒய் இழப்புச் சோதனையும் கட்டாயம். நாளம் இல்லாதவருக்கு சிஎஃப்டிஆர், உடன் மனைவிக்கும். இவை மூன்றும் செலவைவிடப் பல மடங்கு திருப்பித் தருகின்றன. எக்ஸோம் இரண்டாம் கட்டம்: சொந்தத்தில் பிறந்தவருக்கு, வேறு ஆண்களுக்கும் பிள்ளையில்லாத குடும்பத்தைச் சேர்ந்தவருக்கு, எல்லா விந்தணுவும் ஒரே விதமாகக் குறைபட்டவருக்கு. மற்றவை மருத்துவர் காரணம் சொன்னால் மட்டும்.

குழந்தைக்காகக் காத்திருக்கும் தம்பதிகள் செய்ய வேண்டியது இரண்டு. மனைவிக்கு முதல் ஸ்கேன் எடுக்கும் வாரத்திலேயே கணவரும் விந்துப் பரிசோதனை செய்துகொள்ளட்டும். விரையில் அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறிக்கச் சொன்னால், ஒய் இழப்பு அறிக்கை வந்துவிட்டதா என்று கேளுங்கள். வரவில்லையென்றால் நாளைத் தள்ளிப்போடச் சொல்லுங்கள்.